மாஸ்ரரின் ஒப்பந்தமும் என்னுடைய ரெலிபோனும்

கொட்டாஞ்சேனையில் ஒரு சைவக்கடையின் பின்பக்கத்தில் கிடாரம் தேய்த்தவன் நான். அதிலிருந்து எழும்பி ஒரு தேத்தண்ணிக் கடை போட்டேன். கலவரத்தில் அது எரிந்தது. எரிந்த இடத்துக்கு நேர் எதிரே தகரம் அடித்து இன்னொன்று போட்டேன். அதை விற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பழைய வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, பலகையால் அறை பிரித்து லொட்ஜ் ஆக்கினேன். லொட்ஜின் முன்பக்கத்தில் ரெலிபோன், பக்ஸ், போட்டோக்கொப்பி என்று ஒரு கொமினிகேசன் திறந்தேன். பிறகு அந்தக் கொமினிகேசன் மேசையில் இருந்துகொண்டே மாலைதீவுக்கு இங்கிலிஸ் வாத்திமாரை அனுப்பத் தொடங்கினேன். வங்கிக்காரன் கடன் தரவில்லை. சொந்தக்காரன் ஒருத்தனும் பிணை நிற்கவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலிசில் என்னுடைய கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது. இங்கிலிஸ் தெரியாதவன் இங்கிலிஸ் படிப்பிக்கிறவர்களை நாடு கடத்துகிறான் என்று காலி வீதியில் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நான்தான் பிறகு விசா எடுத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. இனி, இதில் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு சரியில்லை.

வெளிநாட்டுக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். முதலில் கேட்க வேண்டியது காலத்தை. எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் எல்லாம். வேலை விசா தனிய நிற்கிற சாமான் இல்லை. ஒப்பந்தத்தின் தோளில் ஏறியிருக்கிறது. ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் விசாவும் ஒரு வருடம். ஒப்பந்தம் முடிகிற அன்று விசாவும் முடியும். நான் ஆள் அனுப்பிய பள்ளிக்கூடங்களில் முதல் வருடம் எல்லாரும் தனியாகத்தான் போக வேண்டும். புதுப்பிக்கும்போது ஆளைப் பிடித்திருந்தால் இரண்டு வருடம் கொடுப்பார்கள். இரண்டு வருடக்காரனுக்கு வீடு உண்டு, மனிசி பிள்ளையைக் கூப்பிடலாம். அதனால் அந்த முதல் புதுப்பிப்புத்தான் உயிர்.

அது வெளிநாட்டுக் கணக்கு. கொழும்பில் இன்னொரு கணக்கு இருந்தது. வடக்கில் இருந்து வந்து லொட்ஜில் தங்குகிறவர்கள் எல்லாரும் பொலிசில் பதிய வேண்டும். ஏன் வந்தாய், ஆரிட்ட வந்தாய், எப்போது போவாய். காரணம் ஒழுங்காக இருந்தால் ஒரு மாதம் தருவார்கள். அது முடிய, திரும்பவும் போய் நின்று அதே காரணத்தைச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் சொல்ல வேண்டும். என்னுடைய லொட்ஜில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நான்தான் வாய். கொட்டாஞ்சேனைச் சந்தையில் பொறுக்கின சிங்களம், ஆனால் சார்ஜன்ட்மாரோடு கதைக்க அது காணும்.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்தவர். ஷெல் அடியில் வீடு போய், மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, என்னுடைய லொட்ஜில் கடல் பக்கத்து அறையில் இறங்கினார். சேட்டுக் கையை மடிக்காத மனிசன். அறையில் இருந்து கொமினிகேசனுக்கு வருவதற்கும் சப்பாத்துப் போடுவார். என்னை "முதலாளி" என்பார். அந்தச் சொல்லில் கொஞ்சம் நக்கல் இருக்கும். நான் விட்டுவிடுவேன். அவருடைய மனிசி என்னை அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடும்.

விசா வரும் வரைக்கும் அவருக்கு வேலை இல்லை. ஒரு நாள் என் மேசைக்கு வந்து, நான் பக்ஸ் கடதாசியைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் எனக்கு இங்கிலிஸ் வாசிக்கப் பழக்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஆசை. ஆனால் முதல் தரம் கேட்டவுடனே ஓம் என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. "இந்த வயசில எனக்கென்னத்துக்கு மாஸ்ரர்" என்றேன். இன்னொரு தரம் கேட்பார், அப்போது ஓம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். நானும் அப்படிப்பட்ட ஆள்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு வருட ஒப்பந்தம் வந்தது, போனார். ஒரு சின்னத் தீவு, ஒரேயொரு பள்ளிக்கூடம். மனிசியும் மகளும் என்னுடைய லொட்ஜில். மகளைப் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கொடுத்ததும் நான்தான். மாதா மாதம் அவருடைய ஒப்பந்தத்தின் கொப்பியை எடுத்துக்கொண்டு மனிசியோடு பொலிசுக்குப் போவேன். புருசன் மாலைதீவில் படிப்பிக்கிறார், அடுத்த வருசம் இவையையும் கூப்பிடுவார், அதுவரைக்கும்தான் என்று சொல்வேன். சார்ஜன்ட் கொப்பியைப் பார்ப்பார், மனிசியைப் பார்ப்பார், ஒரு மாதம் தருவார். அது தலையைக் குனிந்துகொண்டு வாங்கும். வெளியில் வந்ததும், "அடுத்த முறை வரத் தேவையிருக்காது, என்ன அண்ணை" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும்.

மாஸ்ரர் தீவில் இருந்து ரெலிபோன் எடுக்கும்போது, இரண்டு வருடக்காரருக்குக் கொடுக்கிற வீட்டைப் பற்றிச் சொல்வார். மதிலுக்குப் பக்கத்தில் பப்பாசி மரம். முன்னறையில் நீளமான யன்னல்கள். ஒரு நாள் யன்னலின் அளவைச் சொன்னார். மனிசி காலி வீதியில் துணி எடுத்து, பக்கத்து அறைக்காரியின் மெசினில் தைத்து, திரைச்சீலைகளை மடித்துச் சூட்கேசில் வைத்துவிட்டது.

வருட முடிவு லீவுக்கு மாஸ்ரர் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையில் சிப்பி பதித்த ஒரு சுவர் மணிக்கூடு. லொட்ஜில் இருந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் தனக்கு ஒரு பாராட்டு வைத்தார்களாம். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்களாம். படகு ஏறும்போது தீவு முழுக்கக் கரைக்கு வந்து கை காட்டியதாம். ஒரு வருடத்துக்கே இப்படியென்றால் இனிமேல் எப்படி என்று அவருக்குப் பெருமை. மனிசி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது.

எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. இத்தனை பேரை அனுப்பியவன் நான். லீவுக்கு வருகிற வாத்தியாருக்கு ஒருத்தரும் மணிக்கூடு கொடுப்பதில்லை.

"மாஸ்ரர், திரும்பிற ரிக்கற்றை ஒருக்காத் தாங்கோ. திகதியைப் பாப்பம்."

"அது அவை அனுப்புவினம்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை முதலாளி. அடுத்த வருசத்து நேரசூசியை நான்தான் போட்டுக் குடுத்திட்டு வந்தனான். அதில என்ர பாடமும் இருக்கு."

புதுப்பிப்புக் கடதாசியில் கையெழுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். இன்னும் தரவில்லை என்றார். நீங்கள் போய்க் கேட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

"நான் போய்க் கேக்கிறதோ? வேலை செய்யிறன், அவைக்குத் தெரியும் என்ர வேலை. வேணுமெண்டால் அவை கேக்கட்டும்."

அவரில் பிழை சொல்ல முடியாது. எங்களுடைய ஊரில் அரசாங்க நியமனம் கிடைத்தவனிடம் அடுத்த வருசமும் வாறீரோ என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பென்சன் வரைக்கும் கதிரை அவனுடையது. இடமாற்றம் என்றாலும் பதவி உயர்வு என்றாலும் மேலிடத்தில் இருந்து தானாக வரும். இருக்கிற வேலையை எனக்குத் தாருங்கோ என்று போய் நிற்பது அவர்களுக்குப் பிச்சை எடுப்பது மாதிரி. ஒரு வருடம் முழுக்க மாஸ்ரர் காத்திருந்திருக்கிறார், அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் கூப்பிட்டுக் கேட்பார் என்று.

அவருடைய பாஸ்போட்டை வாங்கினேன். இங்கிலிஸ் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும். விசா முடிந்துவிட்டது.

மாஸ்ரரைக் கேட்காமலே நான் ரெலிபோன் பூத்துக்குள் போய் தீவுக்கு எடுத்தேன். அந்த அதிபர் சின்ன வயசில் கொழும்பில் படித்தவர், சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவார். யாழ்ப்பாணத்து இங்கிலிஸ் வாத்தியாருடைய ஒப்பந்தத்தைப் பற்றி, வெள்ளவத்தையில் ஒரு பூத்துக்குள் நின்று, மாலைதீவுக்காரனோடு சிங்களத்தில் பேசினேன். அந்தக் காலத்தில் இதைச் செய்யக் கூடிய ஆள் இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள்.

அதிபர் நல்ல மனிசன். நான் விசயத்தைச் சொன்னதும் திரும்ப ஒருக்கால் சொல்லச் சொன்னார். பிறகு, "கிவ்வே நெஹெனே, மாத்தயா" என்றார். மாஸ்ரர் ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார். அந்தத் தீவில் வழக்கம் வேறு. தொடர்ந்து இருக்க விருப்பமான வாத்தியார் வருட நடுவில் அதிபருடைய கந்தோருக்குப் போய் எனக்கு இருக்க விருப்பம் என்று சொல்வார். சொல்லாதவர் வீட்டுக்குப் போகப் போகிறார் என்று அர்த்தம். மாஸ்ரர் ஒரு நாளும் போகவில்லை. மனிசி பிள்ளையைப் பிரிந்து இருக்கிறவர், போக விரும்புகிறார், எப்படி மறிப்பது என்று அதிபர் நினைத்திருக்கிறார். கவலையோடுதான் பிரியாவிடையைப் பெரிதாக வைத்தாராம். நேரசூசி போட்டுக் கொடுத்துவிட்டுப் போன வாத்தியாரை இதுவரை தான் பார்த்ததில்லை, புது வாத்தியாருக்கு அது பெரிய உதவி என்றும் சொன்னார். புது வாத்தியார் கையெழுத்து வைத்தாயிற்று. பப்பாசி மரத்து வீடும் அவருக்குத்தான்.

நான் ரிசீவரை வைக்கவில்லை. வேறு தீவு, வேறு பள்ளிக்கூடம், என்னவாவது என்று விடாமல் நின்றேன். கடைசியில் அவர் யோசித்துச் சொன்னார்: பக்கத்துத் தீவில் ஒரு ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போகிறா, மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும். மூன்று மாத விசாதான். வீடு இல்லை, பகிர்ந்து இருக்கிற ஒரு அறை. குடும்பத்தைக் கூப்பிட முடியாது. விருப்பமென்றால் அடுத்த நாளைக்குள் சொல்ல வேண்டும்.

மாஸ்ரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. நான் வெளியில் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"சிங்களத்தில என்னெண்டு கேட்டனீர்? கெஞ்சினனீரோ?"

"கேட்டனான் மாஸ்ரர்."

"நான் கேக்கச் சொல்லேல்லையே."

சப்பாத்துச் சத்தம் கேட்க அறைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க வெளியில் வரவில்லை. லீவுக்காரியின் இடத்தை நிரப்புகிற கூலி வேலைக்குத் தான் போகப் போவதில்லை என்று மனிசியிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் காலையில் அவரைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது. விசா இல்லாத ஆள் இப்போது லொட்ஜில் தங்குகிற ஆள்தானே, பதிய வேண்டும். மனிசியினுடைய மாதமும் முடிகிற நேரம், அதுவும் கூட வந்தது. எத்தனையோ முறை நானும் மனிசியும் நின்ற அதே மர வாங்குக்கு முன்னால் முதல் தரமாக மாஸ்ரர் நின்றார். முன்னம் வந்த புதிதில் அவருடைய அடையாள அட்டையை நானே கொண்டுபோய்ப் பதிந்திருந்தேன். சார்ஜன்ட் வழமையான கேள்வியைக் கேட்டார். எப்போது திரும்பப் போகிறார்? சும்மா ஒன்றைச் சொன்னேன், கெதியாகப் போய்விடுவார் என்று. மாஸ்ரருடைய மனிசி தலையைக் குனிந்துகொண்டு, இவ்வளவு நாளும் எனக்குப் பக்கத்தில் நின்று பழகிய சிங்களத்தில், தயவு செய்து இன்னும் ஒரு மாதம் தாருங்கள் என்று தானே கேட்டது. மாஸ்ரருக்குச் சொல் விளங்கவில்லை. ஆனால் மனிசி குனிந்து நின்றது விளங்கியது. ஒரு மாதம் தந்தார்கள்.

திரும்பி வந்து கொமினிகேசனில் விசிறிக்குக் கீழே மூன்று பேரும் இருந்தோம். அதிபருக்கு மறுமொழி சொல்ல வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது. மனிசிதான் வாய் திறந்தது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"மூண்டு மாசம் உங்களுக்குக் குறைவாத் தெரியுது. எனக்கு என்ர நாட்டில ஒரு மாசம்தான் தாறாங்கள். அதையும் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுத்தான் வாங்கிறன். அண்ணை பக்கத்தில நிண்டவர், அவரிட்டக் கேளுங்கோ."

மாஸ்ரர் என்னிடம் கேட்கவில்லை. எழும்பி, "எடுங்கோ முதலாளி, வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"நீங்களே சொல்லுங்கோ மாஸ்ரர். அவர் இங்கிலிசும் கதைப்பார்."

நான் நம்பரை அமத்தி ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். பூத்துக்குள் கதிரை இருக்கிறது. அவர் இருக்கவில்லை. அதிபர் முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்றுகொண்டு பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இங்கிலிஸ் அல்லவா. வெளியில் வந்து சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடித்தார். அப்படி அவர் மடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போனார். மூன்று மாதம் முடிய, கேட்டு இன்னொரு மூன்று மாதம் வாங்கினார். பிறகு வேறொரு தீவில் ஆறு மாதம். பிறகு திரும்பவும் மூன்று. எங்கே ஆள் குறைகிறதோ அங்கே. ஒவ்வொரு புதுப்பிப்பையும் தானே போய்க் கேட்டு வாங்கினார். ஒரு மாதத்துக்கு முன்னமே கேட்கத் தொடங்கிவிடுவார், அதிபர்மார் அலுத்துப் போகிற அளவுக்கு. ஆனால் அந்த இரண்டு வருட ஒப்பந்தம் மட்டும் அவருக்கு வாய்க்கவேயில்லை. குறுங்கால ஆள் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் விழுந்தால் விழுந்ததுதான்.

மனிசியும் மகளும் என்னுடைய லொட்ஜிலேயே இருந்தார்கள். சூட்கேசில் இருந்த திரைச்சீலைகளை ஒரு நாள் மனிசி எடுத்துக் கடல் பக்கத்து யன்னலில் போட்டது. என்னுடைய யன்னல் கட்டை. சீலை நிலத்தில் கிடந்து இழுபட்டது. வெட்டித் தைக்கலாமே தங்கச்சி என்றேன். வேண்டாம் அண்ணை, பிறகு அங்கேயுள்ள நீள யன்னலுக்குக் காணாது என்றது. அதற்குப் பிறகும் வருடக் கணக்காக அவை நிலத்தில் இழுபட்டுக்கொண்டுதான் கிடந்தன. சுற்றிவளைப்பு நாட்களில் வருகிற ஆமிக்காரர் சீலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். மகள் அந்த அறையிலேயே வளர்ந்தது. என்னுடைய மேசையில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தது. தகப்பன் லீவில் வந்தால் ஆரோ விருந்தாளி வந்த மாதிரி எட்ட நிற்கும். ஒரு சொல், ஒரேயொரு தரம் கந்தோருக்குள் போய் எனக்கு இருக்க விருப்பம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை பப்பாசி மரத்துக்குக் கீழே வளர்ந்திருக்கும்.

கடைசியில் குளிர் நாட்டில் இருந்த மனிசியின் தமையன் மூன்று பேரையும் அங்கே எடுப்பித்தார். விமான நிலையத்துக்கு வாகனம் பிடித்துக் கொடுத்தது நான். மாஸ்ரர் கை தந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். வாகனக்காரன் ஹோர்ன் அடித்தான். ஏறிவிட்டார். திரைச்சீலைகள் யன்னலிலேயே கிடந்தன. லொட்ஜை இடித்து அடுக்குமாடி கட்டினபோது அவையும் போய்விட்டன.

இவ்வளவு வருடம் கழித்து, போன மாதம் ஒருவர் மாஸ்ரருடைய பழைய பள்ளிக்கூடத்தின் நினைவு மலர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தமிழில் இருக்கிறது, நானே வாசித்தேன். மாஸ்ரர் தன்னுடைய தீவு வாழ்க்கையை எழுதியிருக்கிறார். நல்லாக எழுதியிருக்கிறார், பொய் சொல்லக் கூடாது. அதிபருக்கு நன்றி, மச்சானுக்கு நன்றி, பிள்ளையாருக்கு நன்றி. முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகு "தெய்வாதீனமாக இன்னொரு தீவில் இடம் கிடைத்தது" என்று ஒரு வரி. "அக்காலத்தில் குடும்பம் வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தது" என்று இன்னொரு வரி.

ஒரு விடுதி.

மலரை மூடி வைத்தேன். மாஸ்ரரில் கோபம் இல்லை. வந்து சேர்ந்ததை எழுதுகிறவனுக்கு வழியில் கதவு திறந்தவன் எல்லாம் நினைவில் நிற்பதில்லை. நானும் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை. அவர்களாகச் சொல்வார்கள், அவர்களாக எழுதுவார்கள் என்று இருந்துவிட்டேன். இங்கிலிஸ் பழக்கித் தருவதாக இன்னொரு தரம் கேட்பார் என்று இருந்த மாதிரி. அதிபர் கூப்பிட்டுக் கேட்பார் என்று மாஸ்ரர் இருந்த மாதிரி. பேசாமல் இருக்கிறவனை, இவனுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் நான் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். மாஸ்ரர், நீங்கள் இதை வாசித்தால், அடுத்த மலரில் அந்த வரியைத் திருத்துங்கள். என்னுடைய பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. தெய்வம் ரெலிபோன் எடுக்கவில்லை. வெள்ளவத்தையில், என்னுடைய கொமினிகேசனில், என்னுடைய பூத்துக்குள் நின்று, என்னுடைய சிங்களத்தில் அந்த ரெலிபோனை எடுத்தது நான். அதை எழுதுங்கள்.